நிற்க வேண்டிய தண்ணீர்

ஐந்து மணிச் சங்கு ஊதியபோது டிரம் முக்கால்தான் நிரம்பியிருந்தது.

ரகுபதி குழாயை மூடவில்லை. பம்ப் ஹவுஸ் வாசலில் நின்று டிரம்மையும் கம்பெனி கேட்டையும் மாறி மாறிப் பார்த்தான். அடுத்த பஸ்ஸை விட்டால் மெட்ராஸில் மாலை வகுப்புக்குப் போய்ச் சேர முடியாது. பகுதிநேர டிப்ளமா. கடைசி வருடம். இன்னும் சில வகுப்புகள் தவறினால் பரீட்சை எழுத விடமாட்டோம் என்று பாலிடெக்னிக்கில் சொல்லியிருந்தார்கள்.

டிரம் நிரம்பியது. குழாயை மூடினான்.

இன்று புதன்கிழமை. வெள்ளிக்கிழமை காலை வரை இந்தத் தண்ணீர் இப்படியே நிற்க வேண்டும். திறந்தபடி நிற்க வேண்டும். யாரும் தொடக் கூடாது. வேறு ஒன்றும் செய்ய வேண்டியதில்லை.

ஆறு வாரமாக அது நடக்கவில்லை.

கேட்டை நோக்கி நடந்தவன் திரும்பிப் பார்த்தான். டிரம் பக்கத்தில் இரண்டாவது ஷிப்ட் ஆள் ஒருவன் நின்று பீடி பற்றவைத்துக்கொண்டிருந்தான்.

"அண்ணே, அந்தத் தண்ணிய தொடாதீங்க."

"உன் தண்ணிய எவன்யா தொடப்போறான்? பன்னீரா அது?"

சுங்குவார்சத்திரம் பக்கமிருந்து பஸ் வருவது தெரிந்தது. ரகுபதி ஓடினான். ஓடிக்கொண்டே இன்னொரு தடவை திரும்பிப் பார்த்தான்.

*

தொட்டி ஜனவரியில் வந்தது. நான்கடி நீளக் கண்ணாடித் தொட்டி. ஜெனரல் மேனேஜர் இராமச்சந்திரன் பெங்களூரில் ஒரு கம்பெனிக்கு ஆர்டர் பேசப் போயிருந்தார். அங்கே ரிசப்ஷனில் மீன் தொட்டி இருந்தது. திரும்பி வந்ததும் இங்கேயும் ஒன்று வாங்கி சோஃபாவுக்கு எதிரே வைத்தார்.

"யாருக்காவது மீன் வளக்கத் தெரியுமா?" என்று கேட்டார்.

ரகுபதி கை தூக்கினான். அவனுக்கு மீனைக் குழம்பில்தான் தெரியும். ஆனால் தொட்டியைப் பார்த்துக்கொள்கிறவன் தினமும் பகலில் இருக்க வேண்டும். தினமும் பகலில் என்றால் ஜெனரல் ஷிப்ட். ஜெனரல் ஷிப்ட் என்றால் மாலை வகுப்பு. அதுவரை அவன் தண்ணீர், கரண்ட் பார்க்கும் யுடிலிட்டி பிரிவில் ஹெல்பராக மூன்று ஷிப்டும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தான். இரண்டாவது ஷிப்ட் விழுந்த வாரங்களில் வகுப்பே இல்லை.

முதலில் வந்தவை நான்கு மீன்கள். தண்ணீர் கலங்கியதும் பாதியை எடுத்துவிட்டுக் குழாயிலிருந்து நேராகப் பிடித்து ஊற்றினான். மறுநாள் காலை நான்கும் மேலே மிதந்தன.

மெட்ராஸில் வளர்ப்பு மீன் விற்கிறவன் சிரித்தான்.

"கொழா தண்ணியவா ஊத்துன? மருந்து தண்ணி நைனா அது. பிளீச்சிங். செவுளு வெந்துடும். ஒரு நாள் ஃபுல்லா காத்தாட தொறந்து வையி. மருந்து பறந்துடும். அப்பால ஊத்து."

"அவ்ளோ நேரம் இல்லன்னா?"

"ஹைப்போ போடு. மருந்த முறிச்சிடும். போட்டோ ஸ்டூடியோல கேளு, குடுப்பான்."

ஸ்ரீபெரும்புதூரில் ஒரு ஸ்டூடியோக்காரர் பாட்டிலில் கரைத்தே கொடுத்தார். படம் கழுவுவதற்காக அவர் கலந்து வைத்திருந்த கரைசல். அதில் ஹைப்போ இருந்தது. கூடவே ஏதோ புளிப்பு மருந்தும் இருந்தது. அது ரகுபதிக்குப் பிறகுதான் தெரிந்தது. இரண்டாம் தடவை வாங்கிய ஆறு மீன்களும் மதியச் சாப்பாட்டுக்குள் போய்விட்டன.

"மீனுக்குன்னு நீ சொல்லவேல்லியே," என்றார் ஸ்டூடியோக்காரர். "ஹைப்போ கீதான்னு கேட்ட. கீதுன்னேன்."

இராமச்சந்திரன் திட்டவில்லை. காலியான தொட்டியைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

"லாஸ்ட் டைம் ரகுபதி. இன்னொரு பேட்ச் வாங்கித் தரேன். அதுவும் செத்தா தொட்டிய எடுத்துடலாம். அங்க ரெண்டு சேர் போட்டா நாலு பேர் உக்காருவாங்க. நீ பழையபடி ஷிப்டுக்குப் போயிடு."

"சரி சார்."

"படிக்கிறே இல்ல?"

"ஆமா சார்."

"அப்ப யோசிச்சு செய்."

மூன்றாம் தடவை ஏழு வந்தன. ஐந்து சிவப்பு, இரண்டு கறுப்பு. கறுப்பு மீன்களுக்குக் கண் வெளியே பிதுங்கியிருந்தது. ரிசப்ஷனில் உட்காரும் கங்கா அவற்றில் பெரியதற்கு சூப்பர்வைசர் என்று பெயர் வைத்தாள்.

"எந்நேரமும் மொறச்சிக்கினே சுத்துது. வேல மட்டும் ஒண்ணும் செய்யறதில்ல."

*

ஹைப்போவை ரகுபதி கைவிட்டான். தண்ணீரை நிறுத்தி வைப்பது என்று முடிவு செய்தான். அது சுலபமாகத் தெரிந்தது.

பம்ப் ஹவுஸுக்குப் பின்னால் ஒரு நீல டிரம்மைக் கழுவி வைத்து நிரப்பினான். மறுநாள் காலை வந்தபோது டிரம் கவிழ்ந்திருந்தது. யாரோ தேய்த்துக் கழுவிக் கவிழ்த்திருந்தார்கள். அடிப்பக்கத்தில் மஞ்சள் குங்குமம் வைத்திருந்தது.

செல்லம்மாள் கேன்டீனில் பாத்திரம் கழுவுகிறவள். செய்ததை ஒளிக்கவில்லை.

"ஆடி வெள்ளியும் அதுவுமா நேத்துத் தண்ணிய எவனாச்சும் வெச்சிருப்பானா? கொட்டிட்டு நல்லா தேய்ச்சு வெச்சேன். எங்க, ஒரு தேங்க்ஸ் சொல்லு பாக்கலாம்."

"அக்கா, அந்தத் தண்ணி நிக்கணும்க்கா."

"தண்ணி இன்னாத்துக்குடா நிக்கணும்? நின்னா கொசு வரும்."

அடுத்த வாரம் வெள்ளிக்கிழமையைத் தவிர்த்தான். செவ்வாய்க்கிழமை நிரப்பினான். புதன்கிழமை முதல் ஷிப்ட் முடிந்து வந்தவர்கள் குழாயில் கூட்டமாக இருப்பதைப் பார்த்தார்கள். டிரம்மில் கூட்டம் இல்லை. முகம் கழுவினார்கள். கை கழுவினார்கள். ஒருவன் பனியனை அலசினான். தண்ணீர் மேல் சோப்பு நுரையும் கிரீஸும் சேர்ந்து மிதந்தன.

மூடி போட்டுக் கம்பியால் கட்டினான். ஒரு நாள் கழித்துத் திறந்தபோது மருந்து வாசனை முகத்தில் அடித்தது. மூடினால் மருந்து போகாது. திறந்தால் கை நுழையும்.

அட்டையில் எழுதித் தொங்கவிட்டான். 'மீன் தொட்டிக்கான தண்ணீர். தொடாதீர்.' சாயங்காலம் அதன் கீழே சாக்பீஸில் வேறு கையெழுத்து இருந்தது. 'குழம்பு நாளைக்கு.' டிரம்முக்குள் இரண்டு துண்டு மாங்காய் மிதந்தது. கேன்டீன் முழுக்கச் சிரிப்பு.

"புளி போட்டீங்களா?" என்று ரகுபதியே கேட்டான். சிரிக்க முயன்றான். வரவில்லை.

அதற்கடுத்தது செக்யூரிட்டி. மே மாதம் ஸ்ரீபெரும்புதூரில் குண்டு வெடித்தது. அதன்பின் நெடுஞ்சாலையில் போலீஸ்காரர்கள் சாப்பாட்டு டப்பாவைக்கூடத் திறந்து காட்டச் சொன்னார்கள். கம்பெனி கேட்டிலும் புது விதிகள் வந்தன. வெளியிலிருந்து கேன், பாட்டில், டின் எதுவும் பாஸ் இல்லாமல் உள்ளே வரக் கூடாது. உள்ளே எந்தப் பொருளும் ஆளில்லாமல் கிடக்கக் கூடாது. மாதங்கள் போயும் விதி தளரவில்லை. ஹெட் கார்டு ஜீவானந்தம் பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்தவர். ஆளில்லாமல் நின்ற டிரம்மைப் பார்த்தார். எல்லோரையும் தள்ளி நிற்கச் சொன்னார். நீளமான மூங்கிலால் தள்ளிக் கவிழ்த்தார். காலி டிரம்மை கேட் ரூமுக்கு உருட்டிப் போய்ப் பூட்டி வைத்துக்கொண்டார்.

"தண்ணி சார் அது," என்றான் ரகுபதி.

"தண்ணின்னு நீ சொல்ற. டிரம்மு சொல்லுதா?"

"அட்ட தொங்குதே சார்."

"அட்டய எவன் வேணா எழுதுவான். கீழ இன்னா எழுதியிருந்துச்சு? கொழம்பு நாளைக்கின்னு. அதுக்கு இன்னா அர்த்தம்? நாளைக்கு இன்னா நடக்கப்போவுது? சொல்லு."

டிரம் திரும்பி வர ஒரு வாரம் ஆனது.

இத்தனைக்கும் நடுவில் தொட்டித் தண்ணீர் மாறவே இல்லை. முதலில் லேசாகப் பச்சை ஏறியது. பிறகு ஆறிய டீயின் நிறத்துக்கு வந்தது. மீன்கள் இருப்பது, கண்ணாடிக்குப் பக்கத்தில் வந்தால்தான் தெரிந்தது. கங்கா மேஜையில் ஊதுபத்தி ஏற்றி வைத்தாள்.

"வர்றவங்க மூக்கப் புடிச்சிக்கினு பேர் சொல்றாங்க ரகுபதி. ஒருத்தர் பேரும் புரியல."

திங்கள்கிழமை இராமச்சந்திரன் கூப்பிட்டார். தொட்டியை முதலில் எங்கே பார்த்தாரோ அந்த பெங்களூர் கம்பெனிக்காரர்களே வருகிறார்கள். வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு.

"தண்ணி கண்ணாடி மாதிரி இருக்கணும். மீனும் இருக்கணும். ரெண்டும் இருக்கணும்."

"சரி சார்."

"உன்னால ரெண்டுல ஒண்ணுதான் முடியுது."

*

வியாழக்கிழமை காலை டிரம் அப்படியே இருந்தது. பக்கத்தில் ஸ்டூல் போட்டு அப்பாவு உட்கார்ந்திருந்தார்.

அப்பாவு பம்ப் ஆபரேட்டர். பென்னலூர்க்காரர். விடிகாலையில் பக்கெட்டில் பிளீச்சிங் பவுடரைக் கரைத்து மேல்நிலைத் தொட்டியில் ஊற்றுவது அவர் வேலை. கம்பெனியில் யார் தண்ணீர் குடித்தாலும் அது தன் தண்ணீர் என்று நினைக்கிறவர். கேட்டுக்கு வெளியே ஊர் ஜனங்களுக்காக ஒரு குழாய் போட்டிருந்தார்கள். காலையில் அங்கே குடங்கள் வரிசையில் நிற்கும். அப்பாவு வீட்டுக்குப் போகும் முன் அந்த வரிசையைப் பார்த்துவிட்டுத்தான் போவார்.

"இன்னாண்ணே, இங்க குந்திகினு கீற?"

"நேத்து நீ ஓடுனத பாத்தேன். பஸ்ஸப் பாக்கறதா டிரம்மப் பாக்கறதான்னு தலைய தலைய ஆட்டிக்கினு. வேலியில ஓணான் மாதிரி." அப்பாவு கொட்டாவி விட்டார். "அதான் ராவு முழுக்க நானே காவல் இருந்தேன். செல்லம்மா வந்துச்சு. போம்மான்னு தொரத்திட்டேன். ஜீவானந்தம் மூங்கிலோட வந்தான். இது என் டிரம்மு, மூங்கில உன் வூட்ல போய் நடுன்னு சொல்லிட்டேன்."

ரகுபதி தண்ணீரைப் பார்த்தான். ஆறு வாரத்தில் முதல் தடவையாக அது ஓர் இரவு திறந்து நின்றிருந்தது.

"இன்னும் எத்தினி நேரம் நிக்கணும்?"

"நாளைக்குக் காலைல வரைக்கும்ணே."

"எதுக்கு நிக்கணும்?"

மருந்துதான் மீனைக் கொல்கிறது என்று சொல்லலாம். அந்த மருந்தைத்தான் இவர் தினமும் கரைத்து ஊற்றுகிறார். அவர் கண்கள் சிவந்திருந்தன. சட்டைப் பையில் கொசுவர்த்திச் சுருளின் மிச்சம் இருந்தது.

"சூடு ஆறணும்ணே," என்றான் ரகுபதி. "தொட்டித் தண்ணியும் இதுவும் ஒரே சூட்டுல இருக்கணும்."

அது பொய்யில்லை. மீன்காரன் அதையும் சொல்லியிருந்தான்.

"அவ்ளோதான? இன்னிக்கு நைட்டும் நான்தான். நீ போய்ப் படி. பாஸ் பண்ணிட்டு வந்து என் தலமேல சூப்பர்வைசரா குந்து. ஆனா கங்கா மீனு மாதிரி மொறைக்கக் கூடாது."

அன்று மாலை ரகுபதி ஓடவில்லை. நடந்து போய் பஸ் ஏறினான். உட்கார இடம் கிடைத்தது. வகுப்பில் பாயிலரைப் பற்றிச் சொன்னார்கள். ஒரு சொல் விடாமல் எழுதினான்.

*

வெள்ளிக்கிழமை காலை டிரம் நிறைந்திருந்தது. தண்ணீர் அடிவரை தெரிந்தது. ஒரு தூசி இல்லை. செத்த கொசு ஒன்றுகூட இல்லை. இரண்டு இரவு திறந்து கிடந்த தண்ணீர் அவ்வளவு சுத்தமாக இருக்குமா என்று ஒரு கணம் நினைத்தான். குனிந்து மோந்தான். லேசாக மருந்து வாசனை வந்தது. அந்தக் கம்பெனியில் எதை மோந்தாலும் அந்த வாசனைதான் வரும். அவன் கைக்குட்டையில்கூட வரும்.

நேரமும் இல்லை.

ரப்பர் குழாயின் ஒரு முனையைத் தொட்டியில் விட்டு மறுமுனையை வாயால் உறிஞ்சினான். பழைய தண்ணீர் வாய்க்குள் வந்தது. துப்பினான். குழாயை ஜன்னல் வழியே குரோட்டன்ஸ் செடிகளுக்கு விட்டான். முக்கால் தொட்டி வடிந்தது. மீன்கள் அடியில் ஒண்டிக்கொண்டன. கண்ணாடியைத் துடைத்தான். பிறகு டிரம்மிலிருந்து பக்கெட் பக்கெட்டாகக் கொண்டு வந்து ஓரமாக மெதுவாக ஊற்றினான்.

"அடேயப்பா," என்றாள் கங்கா. "தொட்டிக்கு அந்தப் பக்கம் செவுரு கீதுன்னு இன்னிக்குத்தான் தெரியுது."

இராமச்சந்திரன் வந்தார். நின்றார். தொட்டியைப் பார்த்தார்.

"குட்," என்றார். உள்ளே போனார்.

ரகுபதி பக்கெட்டைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்தான். சட்டை நனைந்திருந்தது. சூப்பர்வைசர் தொட்டியை ஒரு சுற்று சுற்றி வந்தது. இன்னொரு சுற்று வந்தது. அவனுக்குச் சந்தோஷமாக இருந்தது.

கங்கா மூன்று போன் பேசி முடித்தாள்.

"ரகுபதி, இன்னாது, எல்லாம் மேல வந்து வாயத் தொறக்குது? பசியா?"

எழுந்து பார்த்தான். ஏழு வாயும் தண்ணீர் மட்டத்தில் இருந்தன. திறந்து மூடின. செவுள் வேகமாக அடித்தது. ஒரு சிவப்பு மீன் கீழே பாய்ந்து கூழாங்கல்லில் உடம்பைத் தேய்த்தது. மறுபடி மேலே வந்தது. இதை அவன் முன்பே ஒரு தடவை பார்த்திருக்கிறான்.

வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு அப்பாவு நின்றிருந்தார். ஷிப்ட் முடிந்து வீட்டுக்குப் போகும் முன் தொட்டியைப் பார்க்க வந்திருந்தார். அவர் ரிசப்ஷனுக்குள் வந்ததே இல்லை. இப்போதும் வரவில்லை. படியிலிருந்தே கழுத்தை நீட்டினார்.

"எப்பிடி கீது தண்ணி? பளிங்கு மாதிரி இல்ல?"

"அண்ணே, தண்ணில எதனா போட்டியா?"

"போடாம? ரெண்டு நாளா தொறந்து கெடக்குது. காக்கா ஒண்ணு எறங்கி குளிச்சிட்டுப் போச்சு. அப்பிடியே வுட்டா புழு வெச்சிடும். உன் மீனுக்கு வயித்தால போனா இன்னா பண்ணுவ? துணி கட்டி எல்லாத்தையும் வடிகட்டிட்டு ஒரு கை பவுடரு போட்டேன்."

"எப்ப?"

"விடிகாலைல. நம்ம தண்ணிக்கிக் கரைக்கிறப்ப." அப்பாவு குரலைத் தாழ்த்தினார். "இன்னா, சூடா கீதா? ஆறலியா?"

ரகுபதி வாயைத் திறந்தான். அப்பாவு அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆறிடுச்சுண்ணே," என்றான்.

"அதான பாத்தேன். சரி, நான் வரட்டா. தூக்கம் சொக்குது."

*

தொட்டிக்குக் காற்று விடும் பம்பை முழு வேகத்துக்குத் திருப்பினான். குமிழிகள் பொங்கின. மீன்கள் குமிழிகளுக்குப் பக்கத்தில் போய் நின்றன. அவ்வளவுதான்.

ஒரு பக்கெட் நல்ல தண்ணீர் இருந்தால் மீன்களைத் தூக்கி அதில் விடலாம். எடுத்த தண்ணீர் குரோட்டன்ஸ் வேரில் இறங்கிக்கொண்டிருந்தது. நாற்றத் தண்ணீர். ஆனால் அதில் ஏழும் உயிரோடு இருந்தன. கேன்டீன் குழாய், கக்கூஸ் குழாய், தோட்டத்துக் குழாய், கூலர். எல்லாம் மேல்நிலைத் தொட்டியிலிருந்து வருவது. கம்பெனிக்குள் அப்பாவு கை படாத தண்ணீர் ஒரு டம்ளர்கூட இல்லை.

நெடுஞ்சாலைக்கு அந்தப் பக்கம் ஒரு வயல் கிணறு இருந்தது.

கேன்டீனில் இரண்டு வெள்ளை கேன்களைக் காலி செய்து எடுத்தான். கேன்டீன் சைக்கிளின் இரண்டு பக்கமும் கட்டினான். ரிசப்ஷன் ஜன்னலருகே நிறுத்தினான்.

"கங்கா, ஜி.எம். கேட்டா தீனி வாங்கப் போயிருக்கான்னு சொல்லு."

"எப்ப வருவ? மணி ஒம்பதரை."

வேகமாக மிதித்தான். கேட்டில் ஜீவானந்தம் கை காட்டினார்.

"எங்க, காலி கேனோட?"

"தண்ணிக்கு சார்."

"காலங்காத்தால கிண்டலா?" பிறகு முதுகுக்குப் பின்னால் கத்தினார். "போறதுக்குப் பாஸு வேணாம். வர்றதுக்கு வேணும். தெரியுமில்ல?"

கிணற்று மோட்டார் ஓடவில்லை. கரண்ட் மதியத்துக்கு மேல்தான் வரும் என்றாள் வயல்காரி சுந்தராம்பாள். வரப்பில் புல் அறுத்துக்கொண்டிருந்தாள். அவன் கேனோடு படியில் இறங்குவதைப் பார்த்து எழுந்து வந்தாள்.

"யாருப்பா? கம்பெனி ஆளா? எங்க கெணத்துத் தண்ணி உனுக்கு இன்னாத்துக்கு? நாங்களே குடிக்கிறதில்ல. மாடே மொறச்சிப் பாத்துட்டுத்தான் வாய வெக்கும். நானே உங்க கொழாயில கொடத்த வெச்சிட்டு வந்து கீறேன்."

"மீனுக்கும்மா."

"எந்த மீனுக்கு?"

"கம்பெனில, கண்ணாடித் தொட்டில."

"பாவம். அதுக்கு நல்ல தண்ணியா ஊத்தக் கூடாதா?"

கடைசிப் படி வழுக்கியது. கேனை அமுக்கினான். நிழலில் இருந்து கெண்டைக் குஞ்சுகள் சிதறி ஓடின. தண்ணீர் கேனுக்குள் இறங்கும் சத்தம் மெதுவாக வந்தது. மிக மெதுவாக வந்தது. அவன் கேனை அடித்தான். வேகமாக இறங்கவில்லை.

ஏறி வந்து கட்டினான். சைக்கிளில் ஏறி மிதிக்க முடியாத கனம். தள்ளிக்கொண்டே வந்தான். சாலையில் லாரிகள் விடாமல் வந்தன. நின்றான். கை காட்டினான். எவனும் நிறுத்தவில்லை. ஒரு கேனின் மூடி சரியாக இறுகவில்லை. தண்ணீர் அவன் பேண்ட் மேல் சொட்டிக்கொண்டே இருந்தது.

கேட்டில் ஜீவானந்தம் சைக்கிள் ஹேண்டிலைப் பிடித்தார்.

"பாஸு?"

"சார், அவசரம் சார். மீனு சாவுது. உள்ள போய் வாங்கித் தரேன்."

"ரிசப்ஷன்லேர்ந்து இன்டர்காம் வந்துச்சு. யாரோ சூப்பர்வைசரு சாஞ்சிட்டாராம். சீக்கிரம் வரச் சொல்லுன்னு அந்தப் பொண்ணு அழுவாத கொறை. யாருய்யா, எந்த செக்‌ஷன்?"

"மீனு சார் அது."

ஜீவானந்தம் அவனை ஏற இறங்கப் பார்த்தார்.

"கேன தொற."

திறந்தான். ஜீவானந்தம் மோந்தார். உள்ளே டார்ச் அடித்துப் பார்த்தார்.

"குடி."

"சார்?"

"குடிச்சுக் காட்டு. தண்ணின்னா குடிக்கலாமில்ல?"

ரகுபதி கையில் ஊற்றிக் குடித்தான். உப்பாக இருந்தது. இன்னொரு கை குடித்தான்.

"அந்தக் கேனு?"

அதிலும் குடித்தான்.

நெடுஞ்சாலையிலிருந்து வெள்ளை அம்பாசடர் ஒன்று திரும்பியது. கர்நாடக நம்பர். ஜீவானந்தம் சைக்கிளை ஓரமாகத் தள்ளினார். விறைத்து நின்று சல்யூட் அடித்தார். கேட் திறந்தது. கார் உள்ளே போனது. ரிசப்ஷன் வாசலில் இராமச்சந்திரன் கை கூப்பிக்கொண்டு இறங்கி வருவது தெரிந்தது. கார்க் கதவுகள் திறந்தன. எல்லோரும் உள்ளே போனார்கள்.

கேட் மூடியது.

வெளியே குழாயடியில் குடங்கள் வரிசையாக நின்றன. வரிசையின் கடைசியில் அப்பாவு நின்றிருந்தார். இன்னும் வீட்டுக்குப் போகவில்லை. ஒரு கிழவியின் குடத்தில் தண்ணீர் விழுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். சைக்கிளையும் கேன்களையும் கண்டு சிரித்துக்கொண்டே இந்தப் பக்கம் வந்தார்.

ஜீவானந்தம் கேனின் மூடியைத் திருகி மூடினார். இப்போது அவர் குரலில் அதட்டல் இல்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார்.

"ஊரே கொடத்தத் தூக்கினு இங்க வந்து நிக்கிது. நீ இன்னாடான்னா அங்கேர்ந்து இங்க தூக்கினு வர்ற. தோ, அப்பாவுவே வந்துட்டாரு. அவரு எதிர்லயே சொல்லு. நம்ம தண்ணிக்கு இன்னாய்யா கொறச்சல்?"